கிளுவைக்குளத்துக்கு முதற்பரிசு

கிளுவைக்குளத்து மண்கட்டில் தண்ணீர் கசியத் தொடங்கியபோது ஊரார் செய்த ஒரே தவறு, அதை எழுத்தில் கொடுத்ததுதான். வாயால் சொல்லியிருந்தால் அரசாங்கக் கந்தோரில் எவரும் காதில் போட்டிருக்க மாட்டார்கள். அதோடு சனியன் விட்டது என்று ஊரே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அடைத்திருக்கும். எழுத்தில் கொடுத்தால் வாசிப்பார்கள் என்று யாரோ ஒரு புத்திசாலி சொன்னான். வாசித்தார்கள். ஒருவர் இருவர் இல்லை, பதினோராயிரம் பேர் வாசித்தார்கள்.

மறிச்சுக்கட்டிக்கும் கொண்டச்சிக்கும் இடையில், பெரிய ரோட்டிலிருந்து இறங்கி உள்ளே போனால் வருகிற ஊர் அது. குளம் மேட்டில் இருக்கிறது, ஊர் பள்ளத்தில் இருக்கிறது. மீள்குடியேற்றத்தில் வீட்டுத்திட்டம் கொடுத்தவர்கள் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்களோ என்னவோ, வயல் இருக்கவேண்டிய இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. கட்டின் கீழே நாற்பத்திரண்டு குடும்பம். கட்டுக்கு ஆகக் கிட்டவாக இருந்தது நௌஷாட்டின் மகள் பர்ஸானாவின் வீடு. அவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்து, கடிதம் எழுதிய அன்றைக்கு ஏழாம் நாள். பிள்ளை பெற்ற நாற்பது நாள் முடியும்வரை அவளை அங்கிருந்து அசைக்க முடியாது.

நௌஷாட் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளர். ஊரில் கடிதம் எழுதக்கூடியவர் என்றால் அவர்தான். ஆனால் அவர் எழுத்துப் படித்தது புத்தளத்தில், அகதி முகாம் பள்ளிக்கூடத்தில். அங்கே ஒரு பிள்ளைக்கு மாதத்துக்கு இரண்டு தாள். ஓரம் விட்டால் அடி, பந்தி பிரித்தால் அடி, முற்றுப்புள்ளி வைத்து ஒரு சொல்லளவு இடத்தை வீணாக்கினால் அதற்கும் அடி. நாற்பத்தெட்டு வயதாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. தாளின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, மேலிருந்து கீழ்வரை, அடைத்து எழுதுவார்.

அப்படித்தான் இதையும் எழுதினார்:

'கனம் ஐயா எங்கள் குளக்கட்டில் தண்ணீர் திறக்கிற துருசுக்கு முப்பது அடி வடக்கே ஒரு இடம் இரவும் பகலும் வியர்க்கிறது ஓகஸ்டில் வந்தது தெளிந்த தண்ணீர் தெளிந்த தண்ணீருக்கு நாங்கள் பயப்படுவதில்லை இப்போது வருவது கலங்கல், கலங்கல் வந்தால் கட்டு தன்னை உள்ளுக்குள் தின்னுகிறது என்று பொருள் என் மகளின் முற்றத்தில் கால் வைத்தால் கால் எடுத்த இடம் நிரம்புகிறது அவள் பிள்ளைக்கு இன்று ஏழு நாள் மழை இன்னும் வரவில்லை மழை வர முன் நீங்கள் வாருங்கோ'

அவ்வளவுதான். ஒருவர் குளம் ஒழுகுகிறது என்று சொல்வதற்கு இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

கடிதத்தை நல்ல உறையில் போட்டு ஒட்டி, காலை பஸ்ஸில் மன்னாருக்குப் போனார். பல கந்தோர்கள் ஒன்றாயிருக்கும் மூன்று மாடிக் கட்டடம் அது. விறாந்தையில் ஒரு கழுதை நின்றது. அதைத் தவிர விசாரிக்க வேறு ஆள் இல்லை. சுவரோரம் நீல நிறத்தில் ஒரு தகரப் பெட்டி, அதில் வெள்ளை வர்ணத்தில் 'உறைப்பெட்டி' என்று எழுதியிருந்தது. கையில் உறை, கண்முன்னே உறைப்பெட்டி. படித்த மனிதன் வேறெதை நினைப்பான்? பிஸ்மி சொல்லிப் போட்டுவிட்டு வந்தார்.

அது உரைப்பெட்டி. வர்ணம் பூசினவன் சின்ன ர போடவேண்டிய இடத்தில் பெரிய ற போட்டுவிட்டான். அந்தப் பெட்டி கரையோர உரைக்கவிதைச் சபையுடையது. இந்தச் சபை ஏன் உண்டானது என்று கேட்பீர்கள். மரபுக்கவிதைக்கு யாப்புத் தெரியவேண்டும். புதுக்கவிதைக்கு வரியை எந்த இடத்தில் உடைப்பது என்று தெரியவேண்டும். உரைக்கவிதைக்கு என்ன தெரியவேண்டும் என்று எவருக்கும் தெரியவில்லை. ஆகவே அதற்கு ஒரு சபையும், சபைக்கு ஒரு தவிசாளரும், தவிசாளருக்கு ஒரு சுழல்கதிரையும் தேவைப்பட்டன.

இரண்டு கிழமை பொறுத்து நௌஷாட்டுக்குப் பதில் வந்தது. 'தங்கள் படைப்பு இறுதிச் சுற்றுக்குத் தெரிவாகியுள்ளது, உடன் சமுகமளிக்கவும்.' இறுதிச் சுற்று என்றால் மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரம் வரப்போகிறது என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். மனைவி சரீபாவிடம் சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு பஸ் ஏறினார்.

தவிசாளர் சிங்கராசா கதிரையை விட்டு எழும்பி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். கிளார்க் மாக்கிறட் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். முப்பது வருசமாகக் கந்தோர் வாசல்களில் நின்ற மனிதன், ஒரு கந்தோருக்குள் கட்டிப்பிடிக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. அப்போதே அவருக்குப் பயம் பிடித்துவிட்டது.

"சேர், அது கவிதை இல்லை, மனு" என்றார் நௌஷாட்.

"நானா, அதைத்தான் நாங்கள் இரண்டு வருசமாத் தேடிக்கொண்டிருந்தனாங்கள்" என்றார் சிங்கராசா. "எல்லாரும் கவிதை எழுதுறம் எண்டு தெரிஞ்சுகொண்டு எழுதுறாங்கள், அதாலைதான் பழுதாப் போகுது. நீங்கள் தெரியாமல் எழுதியிருக்கிறியள். ஓரம் இல்லை, பந்தி இல்லை, முற்றுப்புள்ளி இல்லை. மேலையிருந்து கீழை ஒரே கட்டு. ஒரு இடத்திலையும் உடையேல்லை. உரைக்கவிதையின்ரை கற்பே அதுதான் நானா, உடையக்கூடாது."

"கட்டு உடையப் போகுது சேர். அதைத்தான் எழுதினனான்."

சிங்கராசா மாக்கிறட்டைப் பார்த்தார். "பாத்தியளே பிள்ளை, வாயைத் திறந்தாலே வருது. இதையும் குறிச்சுக்கொள்ளுங்கோ."

மாக்கிறட் குறித்துக்கொண்டாள்.

பிறகு தவிசாளர் உரைக்கவிதையின் இன்றைய செல்வாக்கைப் பற்றி முக்கால் மணித்தியாலம் பேசினார். இந்தக் காலத்தில் ஆருக்கும் நேரமில்லை என்றார். வரிவரியாக இறங்கி வாசிக்க விரல் நோகிறது, ஒரே பந்தியாக இருந்தால் போனில் ஒரு திரைக்குள் அடங்கிவிடும், வாசித்தவனுக்குக் கவிதை வாசித்த புண்ணியமும் செய்தி வாசித்த திருப்தியும் ஒன்றாகக் கிடைக்கும், ஒன்றும் செய்யவேண்டியதில்லை என்றார். நௌஷாட்டின் படைப்புக்குக் 'கலங்கல்' என்று தலைப்பு வைத்து முகநூலில் போட்டிருப்பதையும் காட்டினார். கனடாவிலிருந்து ஒருவர் அழுதிருந்தார். லண்டனிலிருந்து ஒருவர் தன் ஊர்க் குளம் நினைவு வந்ததாக எழுதியிருந்தார். பதினோராயிரம் இதயம் விழுந்திருந்தது. இந்தக் குளம் எங்கே இருக்கிறது என்று ஒருவராவது கேட்டிருக்கிறார்களா என்று நௌஷாட் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கேட்கவில்லை.

சரி, கடிதத்தைத் திருப்பித் தாங்கோ, நான் மேல்மாடியில் குளத்துக் கந்தோரில் கொடுக்கிறேன் என்றார். அதற்கு விதி இடம் கொடுக்கவில்லை. பெட்டியில் போட்ட படைப்பு திருப்பிக் கொடுக்கப்படமாட்டாது. அதே படைப்பை வேறெங்கும் அனுப்பவும் கூடாது. போட்டவர் இதற்கு உடன்பட்டவராகவே கருதப்படுவார். பெட்டியின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறதாம். பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது.

நௌஷாட் விடவில்லை. படியேறிப் போய் எஞ்சினியர் ஜெராட்டைக் கண்டார். ஜெராட் நல்ல மனிதர். அவரும் போனில் வாசித்து ஓர் இதயம் போட்டிருந்தார்.

"நானும் கண் கலங்கினனான் நானா" என்றார். "ஆனா இப்ப அது இலக்கியமாப் போச்சு. கவிதையிலை வாற குளத்துக்கு நான் பெக்கோ அனுப்பினா, நாளைக்குக் கதையிலை வாற பாலத்தையும் கட்டித் தரச் சொல்லுவாங்கள். இது கவிதை இல்லை எண்டு சபையிட்டை ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ, அடுத்த நாளே ஆள் அனுப்புறன்."

கீழே இறங்கிக் கேட்டால், ஒரு படைப்புக் கவிதை இல்லை என்று சொல்லும் அதிகாரம் தவிசாளருக்கு இல்லை, நடுவர்களுக்குத்தான் உண்டு. நடுவர்கள் களத்துக்கு வந்து பார்த்துத்தான் சொல்வார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பது இதுதான். ஆனாலும் அவர்கள் கட்டை நேரில் பார்த்தால் புத்தி வரும் என்று நௌஷாட் நம்பினார். நம்பாமல் என்ன செய்வது? பிள்ளைக்கு இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது.

அதற்கிடையில் ஊரார் சும்மா இருக்கவில்லை. யூரியாப் பைகளில் மண் நிரப்பி, முந்நூறு மூட்டை கசிவைச் சுற்றி அடுக்கியிருந்தார்கள். நிற்கவில்லை, குறைந்தது. குறைந்ததே பெரிய காரியம்.

நடுவர்கள் மூன்று பேர் சிங்கராசாவோடு வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். மூத்தவர் றஞ்சினி என்ற அம்மா, கலங்கலில் சுண்டுவிரலைத் தொட்டு மணந்து பார்த்து, இது காலம் என்றார். மற்றவர் காலம் இல்லை, அதிகாரம் என்றார். மூன்றாமவர் சப்பாத்தில் சேறு பட்டதால் கருத்துச் சொல்லவில்லை. காலமா அதிகாரமா என்று இருவரும் கட்டின்மேல் நின்று ஒரு மணித்தியாலம் வாதாடினார்கள். அவர்கள் நின்ற இடத்தில் கட்டு ஓர் அங்குலம் கீழே இறங்கியிருந்தது. அதை நௌஷாட் மட்டும்தான் பார்த்தார்.

மூட்டைகளைக் கண்டபோது சிங்கராசாவின் முகம் வாடியது. "கவிதையிலை மூட்டை இல்லையே நானா" என்றார்.

விசயம் என்னவென்றால், முதற்பரிசு 'கலங்கல்' கவிதைக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. விழாவை இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வைக்கப்போகிறார்கள். மாகாணத்திலிருந்து பெரிய செயலாளர் வருவார். வந்து, கவிதை பிறந்த இடத்தைக் கண்ணால் பார்ப்பார். அவர் பார்க்கும்போது மூட்டை கிடந்தால் ஒழுக்கு அடைபட்ட மாதிரித் தெரியும். கவிதை பொய் என்றாகிவிடும். மூட்டையை எடுத்துவிட்டால் கசிவைக் காட்டி நேரடியாகவே சொல்லலாம்; பெரியவர் ஒரு சொல் சொன்னால் பத்துப் பெக்கோ வரும் என்றார் சிங்கராசா.

சரீபா கேள்விப்பட்டதும் ஒரே பிடியாய் நின்றாள். எவர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அடைத்ததைத் திறக்காதீர்கள், இது நல்லதுக்கு இல்லை என்றாள். அவள் சொன்னது சரி என்று நௌஷாட்டுக்கும் தெரியும். ஆனால் முந்நூறு மூட்டையால் மாரியை மறிக்க முடியாது என்பதும் தெரியும். பெரியவர் ஒருவர் வந்து பார்க்காமல் கட்டுக்கு விடிவில்லை. அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போட்டு, தன் கையாலேயே முதல் மூட்டையைத் தூக்கினார். அந்தப் பாவத்தை வேறு எவர் தலையிலும் வைக்க முடியாது.

அன்று பின்னேரமே கசிவைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். 'இலக்கிய மூலம், தொடவேண்டாம்' என்று பலகை நட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை ஊரில் நடந்ததுதான் கொடுமை. சபையின் ஓட்டோ ஒன்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு காலையும் மாலையும் வந்து 'கலங்கல்' வாசித்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதைப் பாடமாக்கினார்கள். இளசுகள் போன் மணியாக வைத்தார்கள். முதல் நாள் கேட்டபோது ஊரே விக்கித்துப் போய் வாசலில் நின்றது. மூன்றாம் நாள் பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டே மீன் வெட்டினார்கள். ஐந்தாம் நாள் தேத்தண்ணிக் கடையில் ஒருவன், கலங்கிய பிளேன்ரீயைத் தூக்கிப் பிடித்து, "கலங்கல் வந்தால் கட்டு தன்னைத் தின்னுது" என்றான். கடை முழுதும் சிரித்தது. ஏழாம் நாள் பர்ஸானாவே பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, மழை வர முன் வாருங்கோ, மழை வர முன் வாருங்கோ என்று தாலாட்டினாள். பிள்ளை உறங்கிவிட்டது. நௌஷாட் வாசலில் நின்று கேட்டார். தான் எழுதிய சொல்லில் ஒன்றுகூட இனி ஒருவரையும் எழுப்பாது என்று அவருக்கு அந்த இடத்தில் விளங்கியது.

விழாவுக்கு இரண்டு நாள் முன் காட்டுப் பக்கமாய் மழை இறங்கியது. ஊரில் தூறல்தான். குளத்துக்கு வருகிற வாய்க்கால் மட்டும் இரவு பகலாய் இரைந்தது.

விழா பின்னேரம் மூன்று மணிக்கு. பள்ளிக்கூட முற்றத்தில் தறப்பாள் கட்டி, நானூறு கதிரை போட்டிருந்தார்கள். பர்ஸானாவுக்கு முதல் நாள்தான் நாற்பது முடிந்தது. தலைமுழுகி, புதுச் சட்டை போட்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, வாப்பா மேடையேறுவதைப் பார்க்க மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஊரில் ஒரு சீவன் வீட்டில் இல்லை. பெரிய செயலாளர் வரவில்லை. மழை காரணமாக அவர் வாழ்த்துச் செய்தி அனுப்பியிருந்தார். அதை இரண்டு தடவை வாசித்தார்கள்.

நௌஷாட் கட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று போனார். ஒழுக்கு இப்போது ஓர் ஆளின் தொடை மொத்தத்துக்கு வந்துகொண்டிருந்தது. அது அவரைப் பயப்படுத்தவில்லை. கட்டின்மேல் ஏறி மற்றப் பக்கம் பார்த்தார். குளத்துத் தண்ணீரில், கட்டின் ஓரமாய், ஒரு சுழி விழுந்திருந்தது. ஒரு சருகு அதில் மூன்று தடவை சுற்றி உள்ளே போயிற்று. குளத்தங்கரையில் பிறந்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அவர் ஓடிவந்து மேடையேறியபோது சிங்கராசா தலைமையுரையில் நின்றார். எவரும் உரைக்கவிஞனாகலாம், ஆனால் எவரும் உரைக்கவிஞனாகிவிடக் கூடாது என்பதற்காகவே சபை இருக்கிறது என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க வந்த கவிஞனைக் கண்டதும் மனம் குளிர்ந்து மாலையைப் போட்டு, ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார். கொடுக்குமுன் கூடியிருந்தவர்களுக்கு ஒரு குறிப்பும் சொன்னார்: "இது கவிதை இல்லை எண்டு இவர் எனக்கு முதல் நாள் சொன்னவர். இவரின்ரை ஆக உயர்ந்த வரி அதுதான்."

"குளம் உடையப் போகுது" என்றார் நௌஷாட். "எல்லாரும் எழும்பிப் பெரிய ரோட்டுக்குப் போங்கோ."

கைதட்டல் எழுந்தது.

"நான் கவிதை சொல்லேல்லை. கட்டிலை சுழி விழுந்திட்டுது. அல்லாஹ்வுக்காக எழும்புங்கோ."

தறப்பாள் அதிர்ந்தது. முன்வரிசையில் றஞ்சினி அம்மா கண்ணைத் துடைத்தார். பிள்ளைகள் தாங்கள் பாடமாக்கியதை ஒரே குரலில் எடுத்துவிட்டார்கள்: கனம் ஐயா எங்கள் குளக்கட்டில். ஊர்க்காரர்கள், கூடப் பிறந்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள், எல்லாரும் பெருமையோடு தட்டினார்கள். சரீபா மட்டும் தட்டவில்லை, ஆனால் அவளும் எழும்பவில்லை. பர்ஸானா, வாப்பா எவ்வளவு நன்றாகச் சொல்கிறார் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தாள்.

நௌஷாட் ஒலிவாங்கியை மேசையில் வைத்தார். மேடையிலிருந்து குதித்தார். மூன்றாம் வரிசைக்குப் போய் மகளின் மடியிலிருந்து பிள்ளையைப் பறித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வேலிப் படலையால் வெளியே பாய்ந்து பெரிய ரோட்டை நோக்கி ஓடினார்.

பர்ஸானா வைத்த கூச்சலில் கூட்டம் எழும்பியது. கிழவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, பிடியுங்கள், பிள்ளையைக் கொல்லப் போகிறான் என்று ஆம்பிளைகள் துரத்தினார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். கலியாண வீட்டையும் விட்டு ஓடி வந்து பார்க்கக்கூடிய வேடிக்கை அல்லவா, சிறுவர்களில் ஒருவன் மிச்சமில்லை. நாற்பத்திரண்டு குடும்பமும் சேற்றில் விழுந்து எழும்பி அந்த மனிதனைத் துரத்தியது. நடக்க முடியாதவர்களை, என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டுமே என்பதற்காகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மேட்டு ரோட்டில் ஏறிய இடத்தில் அவரைப் பிடித்தார்கள். இரண்டு மூன்று அடி நன்றாகவே விழுந்தது. அவர் பிள்ளையை விடவில்லை, குனிந்து முதுகைக் கொடுத்தார். கீழே பள்ளிக்கூடத்திலிருந்து ஒலிபெருக்கி இன்னும் கேட்டது. கூட்டம் திரும்பி வரும்வரை நிகழ்ச்சி நிரல் தடைப்படக்கூடாது என்று சிங்கராசா நன்றியுரையைத் தொடங்கியிருந்தார். வாழ்த்துச் செய்தி அனுப்பிய செயலாளருக்கு, கதிரை தந்தவர்களுக்கு, ஒலியமைப்புக்கு,

ஒலி நின்றது. பிறகு வந்த சத்தத்தை அந்த ஊரில் எவரும் அதற்கு முன் கேட்டதில்லை. அடிக்க ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. முதலில் பர்ஸானாவின் வீட்டுக் கூரை அசைந்தது. பிறகு அது அந்த இடத்தில் இல்லை. மஞ்சள் தண்ணீர் வேலி வேலியாய்ச் சாய்த்துக்கொண்டு போனது. நானூறு கதிரையும் மிதந்து திரும்பிப் பள்ளிவாசல் மதிலில் மோதின. சபையார் ஐந்து பேரும் பள்ளிக்கூட மாடிக்கு ஓடி ஏறித் தப்பினார்கள். மாடியில் நின்று ரோட்டைப் பார்த்துக் கை காட்டிக் கத்தினார்கள். இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

ரோட்டில் சரீபா பேர் சொல்லித் தலைகளை எண்ணினாள், எண்ணி முடித்து இன்னொரு தடவை எண்ணினாள். ஆட்கள் சரியாக இருந்தார்கள். பர்ஸானா கிட்ட வந்து வாப்பாவின் கையிலிருந்து பிள்ளையை வாங்கினாள். வீடு இருந்த பக்கம் பார்த்தாள். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"தண்ணி வருதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே வாப்பா" என்றாள்.

நௌஷாட்டின் கழுத்தில் மாலை இன்னும் கிடந்தது. சுற்றி நின்றவர்களும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர்களுக்கும் அந்தக் கேள்விதான். அவர் பிள்ளையின் தலையில் மழை படாமல் கையை வைத்துப் பிடித்தார்.